அத்தியாயம் 6: பாதைகளும் சிம்லிங்க்குகளும்

“லிங்க் போட்டுட்டேன் சார். ஃபைல் இருக்கு. நான் போய்ப் பார்த்துட்டேன், கண்ணு முன்னாடி இருக்கு. ஆனா பேஜைத் திறந்தா ஃபைல் இல்லைன்னு எரர் வருது.”

திருவொற்றியூர் தேரடிக்குக் கொஞ்சம் தள்ளி, எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம் இறங்கும் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகம். இரவு ஒன்பதரைக்கு அங்கிருந்து வந்த அழைப்பு இது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நேரம். உள்ளே ஒரு பழைய கணினி உபுண்டு, அப்பாச்சி, பிஎச்பியோடு சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி ஆர்டர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அதில்தான் போட்டு வைக்கிறார்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது. கணினியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி புதிய டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, ஸ்கிரிப்ட்டும் ஆவணங்களும் கிடந்த ஃபோல்டரை அப்படியே அதற்கு நகர்த்தி, பழைய இடத்தில் ஒரு சிம்லிங்க் போட்டார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவர் சொன்னதும் உண்மை. கோப்பு அவருக்குக் கிடைத்தது, பிஎச்பிக்குக் கிடைக்கவில்லை.

அது எப்படி என்று புரிந்துவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது. எந்தப் பாதையைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேட்கப் பழகுங்கள். இதை யார், எங்கே நின்றுகொண்டு படிக்கிறார்கள்? அவர்களுக்கு வேண்டியது பெயரா, அந்தப் பெயர் போய்ச் சேரும் இடமா?

தொடங்கும் முன் ஒரு சொல். கட்டளைகளையும் மாறிகளையும் ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றின் ஆங்கில எழுத்துகளிலேயே அடியுங்கள். எடுத்துக்காட்டு ஃபோல்டர்களுக்கு மட்டும் உண்மையிலேயே தமிழ்ப் பெயர்தான் வைத்திருக்கிறேன். லினக்ஸ் அதைத் தாராளமாக ஏற்கும். அதில் இருக்கும் ஒரு சிக்கலைப் பின்னால் சொல்கிறேன்.

யார், எங்கிருந்து

தேரடியில் நிற்பவரிடம் வழி கேட்டால் “நேரா போய் ரெண்டாவது ரைட்டு” என்பார். அங்கே நிற்கிறவரைக்கும்தான் அது சரி. அதே சொற்களைக் காலடிப்பேட்டையில் நின்று பின்பற்றினால் வேறு யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குப் போவீர்கள். கதவு எண், தெரு, திருவொற்றியூர், சென்னை 600019 என்று எழுதிவிட்டால் மதுரையில் போட்ட கடிதமும் வந்து சேரும். சாய்கோட்டில் தொடங்கும் பாதை இந்த இரண்டாம் வகை, முழுப் பாதை. மற்றதெல்லாம் வழிசொல்லும் வகை, சார்புப் பாதை.

சார்புப் பாதையில் பலர் சறுக்குவது “எங்கிருந்து” என்பதில். ஸ்கிரிப்ட் கிடக்கும் ஃபோல்டரிலிருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த புராசஸ் அப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு. அப்பாச்சிக்குள் ஓடும் பிஎச்பி, ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டருக்குத் தானே நகர்ந்துகொள்வதால் நம் நினைப்பும் நடப்பும் தற்செயலாக ஒத்துப்போகின்றன. அதே ஸ்கிரிப்ட்டை இரவில் கிரான் ஓட்டும்போது அந்தத் தற்செயல் போய்விடும். கிரான் பயனரின் ஹோம் ஃபோல்டரில் நின்று தொடங்கும். கட்டளை வரி பிஎச்பி இடம் மாறுவதே இல்லை. பகலில் பிரவுசரில் ஓடியது ராத்திரி ஓடவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது சாய்கோடு இல்லாமல் தொடங்கும் பாதைகளைத்தான்.

இதற்கு மருந்து __டிர்__ என்ற மாறிலி. பிஎச்பி 5.3 பதிப்பில், 2009இல் வந்தது. இந்த வரி எழுதப்பட்ட கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அதன் முழுப் பாதையைத் தரும். யார் ஓட்டினாலும், எங்கே நின்று ஓட்டினாலும் விடை மாறாது. நம் தம்பியும் அதைத்தான் எழுதியிருந்தார். அப்படியும் ஏன் கவிழ்ந்தது?

லிங்க் என்பது ஒரு வரி எழுத்து

சிம்லிங்க் ஒரு சின்னக் கோப்பு. அதன் உள்ளடக்கம் இன்னொரு பாதை, வெறும் எழுத்தாக. 1983இல் வந்த 4.2பிஎஸ்டி யூனிக்ஸிலிருந்து இன்றுவரை அதன் சாரம் மாறவில்லை. சென்னையில் பல வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருப்பார்களே, அதில் பழைய எண்ணைப் போல. அந்த எண்ணில் வீடு கிடையாது. அதைப் படித்துவிட்டுப் புதிய எண்ணுக்குப் போக வேண்டும்.

எல்என் -எஸ் /தரவு/ஆவணம் /தளம்/சரக்கு/ஆவணம்

இதை அடித்துவிட்டு எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள். அந்த லிங்க்கின் அளவு 29 பைட் என்று காட்டும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். ‘தரவு’ நான்கு குறி, ‘ஆவணம்’ ஐந்து குறி, ஆக 27. இரண்டு சாய்கோட்டுக்கு 2. உள்ளே இருப்பது அந்த எழுத்துகள் மட்டும்தான், வேறொன்றும் கிடையாது. இந்த 29ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் எழுத்து என்பதால் வரும் விளைவுகள் சில. லிங்க் போடும்போது அந்தப் பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கர்னல் பார்ப்பதில்லை. இல்லாத இடத்துக்கும் லிங்க் விழும். பின்னால் அந்தக் கோப்பை யாராவது நகர்த்தினால் லிங்க்குக்குத் தெரியாது, அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். லிங்க்குக்குள் சார்புப் பாதை எழுதினால் அது லிங்க் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும், கட்டளை அடித்தபோது நீங்கள் நின்ற இடத்திலிருந்து அல்ல. ஒரு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு அங்கே தெரியும் பெயரை அப்படியே அடித்து வேறெங்கோ லிங்க் போடுபவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். முறையாகப் போட்ட சார்பு லிங்க்கைப் பார்க்க வேண்டுமா? உபுண்டுவில் அப்பாச்சியின் சைட்ஸ்-எனேபிள்ட் ஃபோல்டரைத் திறங்கள். அங்கே இருப்பவை ஒரு படி மேலேறி சைட்ஸ்-அவைலபிளுக்குள் போகும் லிங்க்குகள். இரண்டு ஃபோல்டரையும் சேர்த்து எங்கே நகர்த்தினாலும் அவை அறுவதில்லை.

ஹார்டு லிங்க் வேறு. அது ஒரே கோப்புக்கு வைக்கும் இன்னொரு பெயர். ஃபோல்டருக்குப் போட முடியாது, ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டாது. நம் வேலைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்த இரவு நடந்தது

முன்பு இருந்த அமைப்பு இது. /தளம் என்ற ஃபோல்டரில் அமைப்பு.பிஎச்பி என்ற கோப்பு, அதன் பக்கத்தில் சரக்கு என்ற ஃபோல்டர், அதற்குள் காட்டு.பிஎச்பி. காட்டு.பிஎச்பியின் முதல் வரி __டிர்__இலிருந்து ஒரு படி மேலேறி அமைப்பு.பிஎச்பியைச் சேர்த்துக்கொள்ளும். தம்பி சரக்கு ஃபோல்டரை /தரவு/சரக்கு என்று நகர்த்தி, /தளம்/சரக்கு என்ற இடத்தில் லிங்க் வைத்தார்.

“தம்பி, நான் சொல்றதை அடிச்சு, என்ன வருதுன்னு படிங்க” என்றேன்.

சிடி /தளம்/சரக்கு
சிடி ..
எல்எஸ்

“அமைப்பு.பிஎச்பி, சரக்கு. ரெண்டும் இருக்கு சார்.”

“இப்ப திரும்ப உள்ளே போங்க. ஆனா வெளியே வராதீங்க. உள்ளே இருந்தே எல்எஸ் போட்டு, ஒரு இடம் விட்டு ரெண்டு புள்ளி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “லாஸ்ட்+ஃபவுண்ட், சரக்கு. வேற ஒண்ணும் இல்லையே சார்.”

லாஸ்ட்+ஃபவுண்ட் என்ற ஃபோல்டர் புதிய டிஸ்க்கின் உச்சியில் தானாக உருவாவது. ஒரே ஃபோல்டரிலிருந்து ஒரு படி மேலே போனால் ஒருமுறை பழைய டிஸ்க், இன்னொருமுறை புதிய டிஸ்க். காரணம், சிடி என்பது ஷெல்லின் சொந்த வேலை. நீங்கள் வந்த வழியை ஷெல் எழுத்தாக நினைவில் வைத்திருக்கிறது. இரண்டு புள்ளி என்றதும் கடைசிச் சொல்லை வெட்டிவிட்டு, வந்த வழியே திரும்புகிறது. எல்எஸ் அப்படிக் கிடையாது. அது கர்னலைக் கேட்கிறது. கர்னலுக்கு நீங்கள் வந்த வழி தெரியாது, நிற்கும் இடம்தான் தெரியும். அந்த இடத்தின் மேற்படி /தரவு. பிடபிள்யூடி என்று மட்டும் அடித்தால் வந்த வழி வரும். கூடவே -பி என்று பெரிய எழுத்தில் சேர்த்தால் நிற்கும் இடம் வரும்.

பிஎச்பியின் __டிர்__ இதில் கர்னலின் கட்சி. லிங்க்கை எல்லாம் அவிழ்த்து, கோப்பு உண்மையில் கிடக்கும் இடத்தைத்தான் சொல்லும். அதனால் __டிர்__ என்றால் /தரவு/சரக்கு, ஒரு படி மேலே /தரவு, அங்கே அமைப்பு.பிஎச்பி கிடையாது.

உடனே தீர்க்க /தரவு ஃபோல்டரில் அமைப்பு.பிஎச்பிக்கும் ஒரு லிங்க் போட்டிருக்கலாம். நான் வேண்டாம் என்றேன். லிங்க்கைச் சரிசெய்ய லிங்க் போட்டால் மூன்றாவது மாதம் அந்தச் சர்வரில் எது எங்கே இருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது. ஸ்கிரிப்ட்டுகளைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தோம். இடத்தை அடைப்பது ஸ்கேன்கள்தானே, அவற்றை மட்டும் /தரவு/ஆவணம் என்ற ஃபோல்டரில் விட்டு, மேலே காட்டிய 29 பைட் லிங்க்கைப் போட்டோம். பதினோரு மணிக்குப் பக்கம் திறந்தது. தரவுக்கு லிங்க் போடுங்கள். ஸ்கிரிப்ட்டை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய, அதன் அண்டை வீட்டாரிடமிருந்து பிரிக்காதீர்கள்.

மகிழ மரத்தடி

“எங்கே இருக்கிறாய்” என்ற கேள்விக்கு இரண்டு விடை இருக்க முடியும் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை இந்த ஊர்க் கோயிலில் நடந்தது. சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரிந்து போகமாட்டேன் என்று சுந்தரர் இறைவன் சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர் அவர். அதனால் சத்தியம் செய்யும் நேரம் கருவறையை விட்டு மகிழ மரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனையே கேட்டுக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து, மகிழடியில் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்கிறார். பின்னால் அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டியபோது கண்ணிழக்கிறார். மகிழடி சேவை என்று இன்றும் திருவிழாவில் நடக்கிறது.

கருவறை என்ற பெயர் அப்படியே இருந்தது. இருப்பவர் வேறிடத்தில் இருந்தார். சங்கிலியார் தரப்பு பெயரைக் கேட்கவில்லை, இருக்கும் இடத்தைக் கேட்டது. பிஎச்பியில் ரியல்பாத் கேட்பது அதே கேள்விதான்: லிங்க்கை எல்லாம் அவிழ்த்தபின் நீ எங்கே? __ஃபைல்__, __டிர்__ இரண்டும் அந்த விடையைத்தான் தருகின்றன. ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் என்ற சர்வர் மாறி மற்ற விடையைத் தரும். எந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டார்கள் என்பதை, லிங்க்கை அவிழ்க்காமல் சொல்லும். டாக்குமென்ட்_ரூட்டும் அப்பாச்சி அமைப்பில் நீங்கள் எழுதியபடியே வரும்.

இரண்டுக்கும் வேலை இருக்கிறது. ஒரே நிரலை ராயபுரம் கிளையும் எண்ணூர்க் கிளையும் பயன்படுத்துகின்றன, இரண்டு ஃபோல்டரிலிருந்தும் ஒரே இன்டெக்ஸ்.பிஎச்பிக்கு லிங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிளை கூப்பிட்டது என்று தெரிய ஸ்கிரிப்ட்_ஃபைல்நேம் வேண்டும். __டிர்__ இரண்டுக்கும் ஒரே விடையைச் சொல்லிவிடும். கூட இருக்கும் கோப்புகளைச் சேர்க்க __டிர்__ வேண்டும். பைத்தானுக்கு மாறுபவர்கள் கவனிக்க: அங்கே __ஃபைல்__ லிங்க்கை அவிழ்ப்பதில்லை, நீங்கள்தான் ரியல்பாத் கேட்க வேண்டும். நோட்.ஜேஎஸ், பிஎச்பியைப் போல அவிழ்த்துவிடும்.

அனுமதி

லிங்க் சரி, பாதை சரி, ஆனாலும் பிரவுசரில் 403. அப்பாச்சியின் எரர் லாகில் “சிம்பாலிக் லிங்க் நாட் அலவ்டு ஆர் லிங்க் டார்கெட் நாட் ஆக்சஸிபிள்” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் இரண்டு தனித்தனி நோய். ஒன்று, ஆப்ஷன்ஸ் வரியில் ஃபாலோசிம்லிங்க்ஸ் இல்லை. அல்லது சிம்லிங்க்ஸ்இஃப்ஓனர்மேட்ச் இருந்து, லிங்க்கின் உரிமையாளரும் அது காட்டும் கோப்பின் உரிமையாளரும் வேறு வேறு ஆட்கள். இன்னொன்று, போகும் வழியில் ஏதோ ஒரு ஃபோல்டரில் அப்பாச்சிக்குக் கடந்துபோகும் உரிமை இல்லை.

என் அனுபவத்தில் இரண்டாவதுதான் அதிகம். லிங்க்கின் பக்கத்தில் தெரியும் 777ஐ நம்பாதீர்கள், லினக்ஸ் அதைப் பார்ப்பதே இல்லை. கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுத்தாலும் போதாது. உச்சியிலிருந்து கோப்புவரை ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் உரிமை வேண்டும். 2021இல் வந்த உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் ஹோம் ஃபோல்டர் 750 ஆகிவிட்டது. ஹோமுக்குள் லிங்க் விட்டால் அப்பாச்சி வாசலிலேயே நின்றுவிடும். 777 கொடுத்துத் தீர்க்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம் அது. நேம்ஐ -எல் என்று அடித்து முழுப் பாதையைக் கொடுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு படியையும், லிங்க்கையும், உரிமையாளரையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். எந்தப் படியில் அடைத்திருக்கிறதோ அதை மட்டும் திறங்கள்.

டெம்ப் ஃபோல்டருக்கு லிங்க் போடவே போடாதீர்கள். உபுண்டுவில் அப்பாச்சிக்குத் தனியாக ஒரு டெம்ப் உண்டு. நீங்கள் பார்க்கும் டெம்ப் அதற்குத் தெரியாது.

வெளியிலிருந்து வரும் பெயர்

ஆவணத்தின் பெயரைப் பயனரிடமிருந்து வாங்கிக் கோப்பைத் தரும் ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள். பெயருக்குள் ஒருவர் இரண்டு புள்ளியும் சாய்கோடும் வைத்து அனுப்பினால் கடவுச்சொல் கோப்புவரை ஏறிப் போகலாம். முதலில் ரியல்பாத் போட்டு அவிழுங்கள். கோப்பு இல்லையென்றால் அது பொய் என்று திரும்பும், அங்கேயே நிறுத்துங்கள். பிறகு விடை உங்கள் ஆவண ஃபோல்டரின் பாதையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இங்கே இரண்டு நுணுக்கம். ஆவண ஃபோல்டருக்கும் ரியல்பாத் போட வேண்டும், ஏனென்றால் நம் அமைப்பில் அதுவே ஒரு லிங்க். அவிழ்க்காமல் ஒப்பிட்டால் நல்ல கோரிக்கைகளும் தள்ளுபடியாகும். ஒப்பிடும்போது கடைசியில் சாய்கோடு சேர்த்து ஒப்பிடுங்கள். சேர்க்காவிட்டால் /தரவு/ஆவணம்-ரகசியம் என்ற பக்கத்து ஃபோல்டரும் /தரவு/ஆவணம் என்றுதான் தொடங்கும், உள்ளே விட்டுவிடுவீர்கள்.

இனி, சொல்கிறேன் என்ற தமிழ்ப் பெயர்ச் சிக்கல். ‘கொள்கலன்’ என்ற பெயரில் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது எகரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இம்மியும் வித்தியாசம் தெரியாது. லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். கோப்பு கண்முன் இருக்கிறது, ஸ்கிரிப்ட் இல்லை என்கிறது, லிங்க்கும் எங்கும் இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். பதிவேற்றும் இடத்திலேயே நார்மலைசர் வகுப்பால் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்தான் இடம் என்பதால் தமிழில் 85 குறிக்கு மேல் போகாது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புதிய பதிப்புக்கு மாறும்போது

ஒவ்வொரு பதிப்பையும் தனி ஃபோல்டரில் வைத்து, ‘நடப்பு’ என்ற லிங்க்கை மட்டும் புதியதற்குத் திருப்புவது நல்ல முறை. எல்என் -எஸ்எஃப்என் என்று மூன்றையும் சேர்த்து அடியுங்கள். என் விடுபட்டால் புதிய லிங்க் பழைய ஃபோல்டருக்குள்ளே போய் விழும். பழைய எல்என் பதிப்புகள் முதலில் அழித்துவிட்டுப் பிறகு போடுவதால், நடுவில் ஒரு கணம் தளம் இருக்காது. வேறு பெயரில் லிங்க் போட்டு, எம்வி -டி (பெரிய எழுத்து) கொண்டு அதன்மேல் பெயர்மாற்றினால் அந்த இடைவெளியும் இல்லை. மாற்றிய பிறகும் பழைய பக்கமே வந்தால் பதறாதீர்கள். அவிழ்த்த பாதையை பிஎச்பி இயல்பாக 120 வினாடி நினைவில் வைத்திருக்கும். என்ஜின்எக்ஸ் வைத்திருப்பவர்கள் டாக்குமென்ட்_ரூட் இருக்கும் இடத்தில் ரியல்பாத்_ரூட் என்ற மாறியைக் கொடுத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீரும்.

பேக்கப்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது. நான் இதே அமைப்பில் போட்டுக்கொடுத்திருந்த இன்னொரு சிறிய அலுவலகத்தில் சர்வர் மேசைக்கு அடியில் தரையில் இருந்தது. இரண்டு டிஸ்க்கும் போயின. மாடியில் வைத்திருந்த வெளி டிஸ்க்கில் தினமும் இரவு டார் எடுத்த பேக்கப் பத்திரமாக இருந்தது. வேறொரு கணினியில் விரித்தோம். ஸ்கிரிப்ட்டுகள் எல்லாம் வந்தன. ஆவணம் என்ற பெயரும் வந்தது. எல்எஸ் -எல் போட்டேன். 29 பைட்.

டார் லிங்க்கைப் பின்தொடர்வதில்லை, லிங்க்கை லிங்க்காகவே கட்டி வைக்கிறது. ஆர்சிங்க் -ஏவும் அப்படித்தான். /தளம் ஃபோல்டரை மட்டும் கட்டியிருந்தார்கள், /தரவு எதிலும் இல்லை. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் நகல் கேட்டு வாங்கும் வேலை மாதக்கணக்கில் நடந்தது. லிங்க் போட்டுக்கொடுத்த அன்றே பேக்கப் வரியையும் நான் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு சிம்லிங்க் போட்டதும் அடுத்த கட்டளையாகப் பேக்கப் ஸ்கிரிப்ட்டைத் திறங்கள். லிங்க் காட்டும் இடத்தையும் அந்தப் பட்டியலில் தனியாகச் சேருங்கள். அல்லது டாருக்கு -எச், ஆர்சிங்க்குக்கு -எல் (பெரிய எழுத்து) கொடுத்து லிங்க்கின் பின்னே போகச் சொல்லுங்கள். நான் முதல் வழியையே விரும்புகிறேன். எது எங்கே இருந்தது என்பதும் அதில் காப்பாற்றப்படுகிறது. சோதிக்கும்போது அதே சர்வரில் விரித்துப் பார்க்காதீர்கள். அங்கே /தரவு உயிரோடு இருப்பதால் விரித்த லிங்க்கும் அதைக் காட்டும், எல்லாம் வந்துவிட்டதுபோலவே தெரியும். சோதனை வேறு கணினியில்தான் நடக்க வேண்டும்.

தேரடி அலுவலகத்துத் தம்பி மாதத்தின் முதல் சனிக்கிழமை தன் லேப்டாப்பில் பேக்கப்பை விரித்து, விரித்த ஃபோல்டரில் நின்றுகொண்டு இதை அடிக்கிறார்:

ஃபைண்ட் . -எக்ஸ்டைப் எல்

அறுந்து தொங்கும் லிங்க் இருந்தால் அதன் பெயர் வரும். அதன்பிறகு போன வாரத்து பில் ஆஃப் என்ட்ரி ஒன்றைத் திறந்து, கன்டெய்னர் எண் படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.